முக ஊசி: ‘எத்தனை மாதம் நிற்கும்?’ என்பது இரண்டாவது கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகச் சுருக்கத்துக்கான ஊசிகளை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தோம். மருந்துகளின் பெயர்களிலும் அவை நிற்கும் காலத்திலும் பிழை இல்லை. ஆனால் போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) நான்கு மாதம், ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஊசி) ஓராண்டு, இன்னொன்று ஐந்தாண்டு என்று கீழிருந்து மேலாக அடுக்கியிருந்த விதம், அதிக நாள் நிற்பதுதான் உசத்தி என்ற எண்ணத்தைத் தருகிறது. தோல் சிகிச்சை செய்யும் எங்களுக்கு அந்த அடுக்கு தலைகீழாகத் தெரிகிறது. ஊசி கோணலாக அமைந்தால் அந்தக் கோணலும் ஐந்தாண்டு நிற்கும். முதல் முறை போட்டுக்கொள்பவர், "பிடிக்காவிட்டால் எடுத்துவிட முடியுமா?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால், கோடு எதனால் விழுந்தது என்று தெரிய வேண்டும். கண்ணாடி முன் முகத்தைத் தளர்த்தி நில்லுங்கள். சும்மா இருக்கையில் தெரியாத கோடு, புருவத்தை நெரித்தால் மட்டும் தெரிகிறது என்றால் அது தசையின் வேலை; போடாக்ஸ் வகை ஊசிக்கு அடங்கும். அடுத்து, மல்லாந்து படுத்துக் கைக்கண்ணாடியை முகத்துக்கு மேலே பிடித்துப் பாருங்கள். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு படுத்ததும் பாதிக்குமேல் மறைந்துவிட்டால், அது கன்னம் தொய்ந்ததால் வந்த மடிப்பு. அதற்குள்ளேயே ஃபில்லரை நிரப்பிக்கொண்டு போனால் மேலுதட்டுப் பக்கம் உப்பி முகம் கனத்துத் தெரியும். தாங்கல் கொடுக்க வேண்டிய இடம் கன்ன எலும்பின் மேல். கீழிமைத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் அது உடனே ஒட்டாமல் தயங்கித் திரும்புகிறதா? தோல் தளர்ந்துவிட்டது. அந்தத் தளர்ச்சிக்கு எந்த ஊசியும் கைகொடுக்காது, அறுவை சிகிச்சைதான். வெயிலால் வந்த மெல்லிய குறுக்குநெடுக்குக் கோடுகளுக்கும் கருந்திட்டுகளுக்கும் சன்ஸ்கிரீன், ட்ரெட்டினாயின் களிம்பு, லேசர் என்று வேறு வழி இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டால் பாதிப் பேருக்கு ஊசியே தேவைப்படாது என்பதால்தானோ என்னவோ, விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

போட்டுலினம் நச்சு (போடாக்ஸ், டிஸ்போர்ட், ஜியோமின் எல்லாம் இந்தக் குடும்பம்) நரம்பு முனையில், தசையைச் சுருங்கச் சொல்லும் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவருவதைத் தடுக்கிறது. தசை சுருங்குவது குறைகிறது. இரண்டு மூன்று நாளில் தெரியத் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுமையாகி, மூன்று நான்கு மாதத்தில் தேயும். இரண்டு புருவங்களுக்கு நடுவே விழும் கோட்டுக்குப் போடாக்ஸின் அங்கீகரிக்கப்பட்ட அளவு 20 யூனிட்; ஐந்து இடங்களில் நான்கு நான்காக. கண்ணோரச் சுருக்கத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 12. நெற்றிக்கு 20, அதுவும் புருவ நடுவிலும் போட்டுக்கொண்டால்தான். டிஸ்போர்ட்டில் அதே புருவ நடுவுக்கு 50 யூனிட். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றல்ல. "அங்கே 20 யூனிட், இங்கே 50 யூனிட், இங்கே தாராளமாகப் போடுகிறார்கள்" என்று கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை. 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி உப்புநீர் கலந்தால் 0.1 மில்லிக்கு 4 யூனிட். 5 மில்லி கலந்தால் அதே 0.1 மில்லியில் 2 யூனிட்தான் இருக்கும். ஆகவே எத்தனை ஊசி குத்தினார்கள் என்பதை விட்டுவிட்டு, எந்த மருந்து, எத்தனை யூனிட் என்று கேளுங்கள்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் நெற்றியில். புருவத்தைத் தூக்குவதற்கு இருப்பது நெற்றித் தசை ஒன்றுதான். இறக்குவதற்கோ பல தசைகள். தூக்கும் தசையை மட்டும் கட்டிப்போட்டுவிட்டு இறக்கும் தசைகளை விட்டுவிட்டால் புருவம் கீழே வரும். வயது ஏறி மேலிமை கனத்தவர்கள், தங்களை அறியாமலேயே நாள் முழுக்க நெற்றியைச் சுருக்கித்தான் கண்ணைத் திறந்து வைத்திருப்பார்கள். இவர்களின் நெற்றிக் கோட்டை அழித்தால் கோடு போகும், கண்ணும் பாதி மூடும். கண்டுபிடிக்க எளிய வழி: கண்ணை மூடி நெற்றியைத் தளர்த்தி, புருவத்தை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்து பாருங்கள். இமைத்தோல் கருவிழிமேல் இறங்குகிறதென்றால் நெற்றிக்கு ஊசி வேண்டாம், அல்லது மிகக் குறைந்த அளவில், மேற்பகுதியில் மட்டும். நடு நெற்றியில் மட்டும் போட்டு ஓரத்தை விட்டுவிட்டால் புருவ நுனி கொம்பு முளைத்ததுபோல எழும். ஓரத்தில் ஓரிரு யூனிட் போட்டால் சரியாகிவிடும்.

இமையே தொங்கிப்போவது வேறு கதை. புருவ நடுவில் போட்ட மருந்து இமையைத் தூக்கும் தசைவரை பரவினால் அப்படி ஆகும். அனுமதிக்கான ஆய்வுகளில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு நேர்ந்தது. புருவ எலும்பு விளிம்புக்கு 1 செ.மீ. மேலே குத்த வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். நேர்ந்துவிட்டால் அப்ராகுளோனிடின் 0.5% சொட்டு மருந்து இமையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும். மற்றபடி காத்திருக்க வேண்டும்; சில வாரங்களில் தானே சரியாகும். போடாக்ஸை எடுக்க மருந்து கிடையாது, ஆனால் அது தானாகவே தீர்ந்துவிடும். முதல் ஊசியாக இதைப் பரிந்துரைப்பதற்கு எங்கள் காரணம் அதுதான்.

ஹயலூரானிக் அமில ஃபில்லரின் கதை வேறு. எலும்பு தேய்ந்து, ஆழக் கொழுப்பு வற்றி, கன்னமும் நெற்றிப்பொட்டும் குழிந்த இடத்தில் இது பருமனைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு சிரிஞ்சில் இருப்பது 1 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு சிரிஞ்சில் முழு முகமும் மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறு, ஒரே நாளில் ஆறு சிரிஞ்ச் ஏற்றுவதும் தவறு. எலும்பின்மேல் தாங்கலாக வைக்க விறைப்பான ஜெல் வேண்டும். உதட்டுக்கும் கண்ணைச் சுற்றியும் மென்மையானது. விறைப்பானதை உதட்டில் போட்டால் கட்டியாகத் தட்டுப்படும். கீழிமைப் பள்ளத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 0.2 முதல் 0.5 மில்லிக்குமேல் போகாமல் இருப்பது நல்லது. இந்த ஜெல் நீரை இழுக்கும். காலையில் ஏற்கெனவே கண்ணடி வீங்குபவருக்கு வீக்கம் நிரந்தரமாகிவிடும். மெல்லிய தோலுக்கு அடியில் மேலாக வைத்தால் நீலநிறச் சாயல் தெரியும். அதைக் கருவளையம் என்று நினைத்து மேலும் ஃபில்லர் கேட்பவர்கள் உண்டு.

ஃபில்லர் 6 முதல் 18 மாதம் நிற்கும் என்பது கட்டுரையில் சரியாகவே இருக்கிறது. எனினும் எம்ஆர்ஐ படங்களில் ஆண்டுகள் கழித்தும் ஜெல் தெரிந்திருக்கிறது. "ஓராண்டு ஆகிவிட்டது, கரைந்திருக்கும்" என்று ஆண்டுதோறும் மேலே மேலே ஏற்றுவதால்தான் சில முகங்கள் ஊதிப்போகின்றன. வேண்டாம் என்றால் ஹயலூரோனிடேஸ் என்ற நொதியை ஊசியாகச் செலுத்திக் கரைத்துவிடலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் பலன் தெரியும். ஃபில்லர்களில் இந்த வசதி ஹயலூரானிக் அமிலத்துக்கு மட்டுமே உண்டு.

அந்த நொதி அழகுக்காக மட்டும் இல்லை. ஜெல் தவறுதலாக ரத்தக்குழாய்க்குள் போனாலோ, குழாயை நெரித்தாலோ, அந்தப் பகுதித் தோல் அழுகிவிடும். அறிகுறி முதலில் வெளிறல். பிறகு வலைபோலச் செந்நீலக் கோடுகள். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்ப மூன்று வினாடிக்குமேல் ஆகும். ஊசி குத்திய இடம் கன்றிப்போகும் சாதாரண ரத்தக்கட்டை அழுத்தினால் நிறம் மாறாது. இரண்டையும் பிரித்தறிய இது பெரிதும் உதவும். வலி பயங்கரமாக இருக்க வேண்டும் என்றில்லை, பல ஃபில்லர்களில் லிடோகைன் என்ற மரப்பு மருந்து கலந்திருப்பதால் மரத்தே இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிறு சீழ்ப் பருக்கள் வரும்போது அக்கி என்றோ முகப்பரு என்றோ நினைத்து நேரத்தைக் கோட்டைவிடுவதும் நடக்கிறது. செய்ய வேண்டியது: ஊசியை உடனே நிறுத்தி, அந்தப் பகுதி முழுவதும் நூற்றுக்கணக்கான யூனிட் ஹயலூரோனிடேஸ் செலுத்தி, தேய்த்துவிட்டு, மணிக்கொரு முறை நிறம் பார்த்து, திரும்பும்வரை மீண்டும் மீண்டும் செலுத்துவது. இதை மருத்துவர்தான் செய்ய வேண்டும், அன்றைக்கே செய்ய வேண்டும்.

இதைவிடக் கொடியது பார்வை போவது. ஊசி முனை தமனிக்குள் இருக்க, அழுத்தி ஏற்றினால் ஜெல் பின்னோக்கி ஏறிக் கண்ணுக்குப் போகும் குழாயில் அடைத்துக்கொள்ளும். அரிதுதான். ஆனால் விழித்திரை ரத்தமின்றித் தாங்கும் நேரம் சுமார் 90 நிமிடமே, அதற்குள் மீட்டவர்கள் வெகு சிலர். புருவ நடு, மூக்கு, நெற்றி ஆகிய மூன்றிலும் ஆபத்து அதிகம். ஆகவே புருவ நடுக்கோடு ஆழமாகவே இருந்தாலும் அதில் ஃபில்லர் கேட்காதீர்கள். போடாக்ஸையே இரண்டு மூன்று முறை தொடர்ந்தால் அந்த மடிப்பு தளர்ந்து மங்குவதைப் பார்க்கலாம். மற்ற இடங்களில் 25 அல்லது அதைவிடத் தடித்த 22 கேஜ் (எண் கூடினால் தடிமன் குறையும்) கன்னூலா, அதாவது முனை மழுங்கிய குழல், கூர் ஊசியைவிடப் பாதுகாப்பு. 27 கேஜ் கன்னூலா மெல்லியது என்பதால் அதுவும் தமனியைத் துளைக்கக்கூடும். சிறுகச் சிறுக, மெதுவாக ஏற்ற வேண்டும். "ஹயலூரோனிடேஸ் இங்கே இருக்கிறதா? எத்தனை குப்பி?" என்ற கேள்விக்கு "வாங்கி வரச் சொல்லலாம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி, அந்த நொதியால் கரைக்க முடியாத ஃபில்லர்கள். கால்சியம் ஹைட்ராக்சிலபடைட் 25 முதல் 45 மைக்ரான் துகள்கள், ஜெல்லில் கலந்தவை. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு நிற்கும். கன்னம், தாடைக்கோட்டுக்கு நன்றாக அமையும். உதட்டிலும் கண்ணைச் சுற்றியும் போட்டால் கட்டிகள் வரும். சிடி ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் என்பதால், ஸ்கேன் எடுக்கும்போது சொல்லிவிட வேண்டும். பாலி-எல்-லாக்டிக் அமிலம் தானாக நிரப்புவதில்லை. தோலுக்குள் கொலாஜனை வளர வைக்கிறது. போட்ட அன்று முகம் நிரம்பியதுபோலத் தெரிவது கலந்த நீரால்தான். சில நாளில் நீர் வற்றி முகம் பழையபடி ஆகிவிடும். ஏமாந்துவிட்டோம் என்று அவசரப்பட்டு அடுத்த தவணையைக் கேட்டால், மாதங்கள் கழித்து எல்லாத் தவணைகளின் கொலாஜனும் சேர்ந்து தேவைக்குமேல் வளர்ந்து நிற்கும். குறைந்தது நான்கு வார இடைவெளி விடுங்கள். ஐந்து நாள், நாளுக்கு ஐந்து முறை, ஐந்து நிமிடம் தேய்த்துவிடுவதும் அவசியம்; நீர் குறைத்துக் கலந்தாலும் மேலாகப் போட்டாலும் முடிச்சுகள் வரும். பலன் இரண்டாண்டு வரை நிற்கும். பிஎம்எம்ஏ என்ற நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் கொண்ட ஃபில்லர் நிரந்தரம், அதனாலேயே எங்களுக்கு அதில் ஆர்வமில்லை. முகம் மாறிக்கொண்டே இருக்கிறது, மணிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். முகச் சுருக்கத்துக்குத் திரவ சிலிக்கோன் எவர் சொன்னாலும் வேண்டாம்.

போடாக்ஸ், ஃபில்லர் இரண்டும் தேவைப்பட்டால் போடாக்ஸ் முதலில். இரண்டு வாரம் கழித்துத் தசை அடங்கிய முகத்தைப் பார்த்து ஃபில்லர். பல நேரம் திட்டமிட்டதைவிடக் குறைவாகவே போதும். போடாக்ஸை மூன்று மாதத்துக்கு முன்பே மறுபடி போட்டுக்கொண்டால், உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி மருந்து வேலை செய்யாமல் போகும் வாய்ப்பு கூடும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், மையஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டிஸ்போர்ட் ஆகாது. உதட்டில் அடிக்கடி அக்கி வருபவர் முன்கூட்டியே சொன்னால் வைரஸ் மாத்திரை தருவார்கள். பல் சிகிச்சைக்கும் ஃபில்லருக்கும் இடையே இரண்டு வாரமாவது விடுங்கள். ஆஸ்பிரின் இதயத்துக்காகச் சாப்பிடுபவர் இந்த ஊசிக்காக அதை நிறுத்தக் கூடாது. ரத்தக்கட்டு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். விசேஷத்துக்கு முந்தின நாள் வந்து நிற்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: நான்கு வாரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள், வீக்கம் வடியவும் குறைகளைத் திருத்தவும் அவ்வளவு வேண்டும்.

போலிக் குப்பிகளும் புழங்குகின்றன. 2024-இல் அமெரிக்காவில் போலிப் போடாக்ஸால் பலர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. உங்கள் கண் முன்னே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், பேட்ச் எண், யூனிட் அல்லது மில்லி, எந்தெந்த இடத்தில் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிரிஞ்சுடன் வரும் ஒட்டுச்சீட்டில் பேட்ச் எண் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து முகத்தில் ஒரு முடிச்சு வந்தால், பார்க்கிற புதிய மருத்துவருக்கு எதைக் கரைக்கலாம், எதைக் கரைக்க முடியாது என்று தெரிவது அந்தச் சீட்டிலிருந்துதான்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர்கள் இருவர்