வீட்டுக்காரங்க சம்மதம் கேக்காம வீட்டு விளம்பரம் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பரை ரொம்ப வருஷமா படிக்கறேன், ஆனா லெட்டர் எழுதறது இதான் முதல் தடவ. எங்க அம்மா தனியா இருக்கற வீட்டை நாங்க விக்கவும் இல்ல, வாடகைக்கு விடவும் இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஒரு குடும்பமே வாசல்ல வந்து நின்னு "வீடு பாக்க வந்தோம்"னு சொல்லிருக்காங்க, அம்மாவும் பாவம் அட்ரஸ் மாறி வந்துட்டாங்க போலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மத்தியானம் இன்னொருத்தர் வந்து போனை எடுத்துக் காட்டினப்பதான் விஷயமே தெரிஞ்சது. எங்க வீட்டு வாசல், ஹால், அம்மா படுக்கற ரூம், பின்பக்கக் கதவு எல்லாம் படமா இருக்கு, கீழ ஒரு விலை, பக்கத்துல "உடனடி விற்பனை"ன்னு போட்டிருக்கு.

இந்தப் படம் எப்படிப் போச்சுன்னு விசாரிச்சா, என் தம்பி போன வருஷம் ஒரு ஏஜென்ட்கிட்ட பேச்சுவாக்குல "இப்ப வித்தா என்ன போகும்"னு கேட்டிருக்கான், அவர் வந்து பாத்துட்டு மதிப்பு சொல்றதுக்கு படம் வேணும்னு நாலஞ்சு எடுத்துட்டுப் போயிருக்கார், அதோட அவனும் மறந்துட்டான். விலை கேட்டதுதான் அவன் செஞ்சது, வித்துக் குடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல, ஒரு பேப்பர்ல கையெழுத்து போடல.

அந்த ஏஜென்ட்டுக்கு போன் பண்ணினேன். அவர் பதறவே இல்ல, "நல்ல பார்ட்டி வருதும்மா, பிடிச்சா குடுங்க இல்லன்னா விட்டுருங்க, உங்களுக்கு என்ன நஷ்டம்"னு கேட்டார். நஷ்டம் என்னன்னு நான் சொல்றேன். பக்கத்து வீட்டுல இருக்கறவங்க "என்ன கஷ்டம், எங்ககிட்ட சொல்லவே இல்லையே"ன்னு அம்மாகிட்ட வந்து கேட்டாங்க. பெரியப்பா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம விக்கறீங்களான்னு கோச்சுக்கிட்டு ஒரு வாரம் பேசல. இதெல்லாம் கூட போகட்டும், எந்த ரூம்ல யார் படுக்கறாங்க, பின் கதவுல எத்தனை தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி எப்படி இருக்குன்னு முகம் தெரியாத அத்தனை பேருக்கும் தெரிஞ்சு போச்சு. அம்மா இப்ப ராத்திரி ரெண்டு தடவ எழுந்து போய் தாழ்ப்பாளைத் தொட்டுப் பாத்துட்டுதான் படுக்கறாங்க. அப்புறம் அவரா போட்ட விலை, அது ரொம்பக் கம்மி, நாளைக்கு நாங்க நிஜமாவே விக்கணும்னு நெனைச்சா "அப்ப இவ்ளோதானே சொன்னீங்க"ன்னு அதையே காட்டிப் பேசுவாங்க.

விக்காத வீட்டை விளம்பரம் பண்ணி இவங்களுக்கு என்ன லாபம்னு முதல்ல எனக்குப் புரியல, விசாரிச்சப்பதான் புரிஞ்சது. அவங்களுக்கு வேண்டியது வீடு இல்ல, அந்தப் படத்தைப் பாத்து கூப்பிடறவங்களோட நம்பர். கூப்பிட்டா "அது நேத்துதான் முடிஞ்சுது சார், அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு"ன்னு ஆரம்பிப்பாங்க. விலையைக் குறைச்சுப் போடறதும் இதுக்குத்தான், அப்பதான் போன் நிறைய வரும். இதோட நிக்கறதும் இல்ல, ஒரு புரோக்கர் போட்ட படத்தை வாட்ஸப் க்ரூப்ல இன்னொரு புரோக்கர் எடுத்து தன் நம்பரைப் போட்டுக்கறார், அவர்கிட்டேந்து இன்னொருத்தர், எங்க வீடு மூணு இடத்துல மூணு விலையில இருந்தது. இந்த மாதிரி கை மாறற படத்தை எடுத்து வாடகைக்குன்னு போட்டு, வீட்டையே காட்டாம டோக்கன் அட்வான்ஸ் வாங்கிட்டு போனை ஆஃப் பண்ணிடற மோசடிக்காரங்களும் இருக்காங்க, ஏமாந்தவங்க கடைசில வந்து நிக்கறது நம்ம வாசல்லதான்.

இதுல நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை எழுதறேன், யாருக்காவது உதவும். நான் செஞ்ச முதல் தப்பு எடுத்த எடுப்புல போன்ல சத்தம் போட்டது, அவர் அரை மணி நேரத்துல விளம்பரத்தை எடுத்துட்டு "நான் போடவே இல்லையே"ன்னுட்டார், என் கையில ஆதாரம் எதுவும் இல்ல. அடுத்த ரெண்டையும் பாத்தப்ப முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன், விளம்பர நம்பர், லிங்க், தேதி, ஏஜென்ட் பேரு, போன் நம்பர் எல்லாம் தெரியற மாதிரி. மத்த ரெண்டையும் எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, படத்தை வச்சுத் தேடற வசதி இருக்குல்ல, அதுல எங்க வாசல் படத்தைப் போட்டுத் தேடினேன், வந்துருச்சு. அதுக்கப்புறம் பேச்சு கிடையாது, எல்லாம் எழுத்துலதான். "இந்த வீட்டை விக்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் பண்ணவோ உங்களுக்கு நாங்க எந்த அனுமதியும் தரல, 24 மணி நேரத்துக்குள்ள எல்லா இடத்துலேந்தும் எடுத்துட்டு எழுத்துல பதில் போடுங்க"ன்னு மெசேஜும் மெயிலும் அனுப்பினேன், விளம்பரம் வந்திருந்த வெப்சைட்டுக்கும் தனியா புகார் குடுத்தேன். சைட்ல ஓனர்னு ஆதாரம் கேட்டாங்க. தயவு செஞ்சு யாரும் அவசரத்துல முழு பத்திரத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பிடாதீங்க, பேரும் அட்ரஸும் மட்டும் தெரியற மாதிரி மத்ததை மறைச்சுட்டு வரி ரசீது அனுப்பினேன், அதையே ஏத்துக்கிட்டாங்க.

படத்தைப் பத்தி ஒண்ணு. பொதுவா படத்தோட உரிமை அதை எடுத்தவருக்குத்தான், வீட்டுக்காரருக்கு இல்ல. அதனால ஏஜென்ட் எடுத்த படம்னா என் படத்தை எடுத்துப் போட்டாங்கன்னு புகார் பண்ணினா நிக்காது, விளம்பரத்துக்கே அனுமதி இல்லன்னுதான் சொல்லணும். அதுவே முன்னாடி நீங்களே எடுத்த படத்தைத் திருடிப் போட்டிருந்தா காப்புரிமைன்னு தனியா ஒரு புகார் குடுக்கலாம், நல்ல சைட் எல்லாத்துலயும் அதுக்குத் தனி வழி இருக்கு. இன்னொண்ணு, வீடு பாக்க வர்றவங்க மேல கோவப்படாதீங்க, அவங்களும் ஏமாந்தவங்கதான், ஆனா அவங்ககிட்ட விலை பேச்சு மட்டும் குடுக்காதீங்க, ஒருவேளை பின்னாடி அவங்களுக்கே குடுத்தீங்கன்னா நான்தான் ஆள் அனுப்பினேன்னு அந்த ஏஜென்ட் கமிஷன் கேட்டு வந்து நிப்பார்.

சட்டம் இல்லாமலும் இல்ல. சிங்கப்பூர்ல 2010ல வந்த எஸ்டேட் ஏஜென்ட் சட்டப்படி பதிவு இல்லாதவங்க புரோக்கர் வேலையே பாக்க முடியாது, ஏஜென்ட்டோட பேரும் பதிவு நம்பரும் விளம்பரத்துல இருக்கணும், சம்மதம் வாங்காம விளம்பரம் போடக்கூடாதுன்னு அவங்க நடத்தை விதியிலயே இருக்கு. இந்தியாவுல 2016ல வந்த ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் ஏஜென்ட் பதிவு பண்ணணும்னு சொல்லுது, குடுக்கற எண்ணமே இல்லாத சேவைக்கு விளம்பரம் போடறதை முறைகேடான வியாபாரம்னு சொல்லுது. ஆனா அது பில்டருங்க பதிவு பண்ண வேண்டிய ப்ராஜெக்ட்ல நடக்கற விற்பனைக்கான சட்டம், வாடகை வீடு அதுக்குள்ள வரல. எங்க அம்மா வீடு மாதிரி பழைய தனி வீட்டுக்கும் அதுல வழி தெரியல. இந்த ஓட்டையை அடைக்கணும், ஓனர் கையெழுத்து இல்லாம ஒரு வீடும் விளம்பரத்துல வரக்கூடாதுன்னு எல்லா வீட்டுக்கும் சேத்து ஒரே விதி வரணும்.

அது வர்ற வரைக்கும் விளம்பரம் வாங்கிப் போடறவங்க கையிலதான் இருக்கு. சைட்காரங்க ஒரு போன் நம்பரை மட்டும் சரிபாத்துட்டு யார் வீட்டை வேணும்னாலும் போட விடறாங்க, புகார் குடுக்கும்போது மட்டும் என்கிட்ட ஆதாரம் கேக்கறாங்க, போடறப்ப அவர்கிட்ட ஏன் கேக்கல? சார், இதை உங்ககிட்டயும் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேப்பர்லயும் வரி விளம்பரம் வருது, அதுல ஏஜென்ட் குடுக்கற வீட்டு விளம்பரத்துக்கு ஓனரோட சம்மத லெட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கறீங்களா? இல்லன்னா இனிமேலாவது வாங்குங்க.

மூணுல ரெண்டு விளம்பரம் போயிடுச்சு, மூணாவதை எடுக்கறதா சொல்லி இன்னிக்கு பதினோராவது நாள். வாசல்ல "இந்த வீடு விற்பனைக்கு இல்லை"ன்னு எழுதி ஒட்டிருக்கோம், அம்மா அதைப் பாக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்குன்னு சொல்றாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி