தேவாலயத்தில் பாடுபவர் வேறு மேடையில் பாடக்கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தேவாலயப் பாடகர் குழாத்தில் இருப்பவர்கள் கோயில் திருவிழா மேடையில் இசைக்குழுவோடு பாடலாமா, கலியாண வீட்டில் சினிமாப் பாட்டுப் பாடலாமா என்ற கதை யாழ்ப்பாணத்தில் திரும்பத் திரும்ப எழும்புகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, வீடு முழுக்கப் பாட்டும் ஓகனுமாக வளர்ந்தவள், ஒரு இசைக்குழுவோடு சில பாட்டுகள் பாடினாள் என்பதற்காக ஆராதனையில் தனிப்பாடல் பாடுவதிலிருந்து நிறுத்தப்பட்டாள். அவளிடம் யாரும் நேரே எதுவும் சொல்லவில்லை, பாடுவோர் பட்டியலில் பெயர் வராமல் போனது, அவ்வளவுதான். எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை, இது ஒரு சபையில் மட்டும் நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் நடந்தது பிழை. அது ஏன் பிழை என்று சொல்ல, மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் என்ற அமெரிக்க நற்செய்திப் பாடகியின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1939இல் சிக்காகோவில் பிறந்தவர் அவர். தகப்பன் ரோபக் ஸ்டேப்பிள்ஸ், எல்லோரும் 'பொப்ஸ்' என்று கூப்பிடுவார்கள், மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்த மனிதர். அங்கே சார்லி பாட்டன் போன்ற புளூஸ் கலைஞர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் கிற்றார் பழகினார். புளூஸ் என்றால் குடியும் காதலும் கண்ணீருமாக, தேவாலயத்துக்காரர் காதைப் பொத்திக்கொள்கிற இசை. சிக்காகோவுக்கு வந்து இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, இரவில் பிள்ளைகளை வீட்டுத் தரையில் வட்டமாக இருத்தி, ஊரில் தன் சகோதரங்கள் எந்தெந்தக் குரலில் பாடினார்களோ அந்தந்தக் குரலை ஒவ்வொரு பிள்ளைக்கும் பிரித்துக் கொடுத்துப் பழக்கினார். அதைக் கேட்ட மாமி ஒருவர் தன்னுடைய தேவாலயத்தில் வந்து பாடச் சொல்ல, 1948இல் அந்தக் குடும்பம் முதன்முதலாக மக்கள் முன் பாடியது. சபையார் விடவில்லை, மறுபடி பாடு என்று கேட்டார்கள். வீட்டுக்குப் போய் இன்னும் பாட்டுப் பழக வேண்டும் என்று பொப்ஸ் அன்றைக்கே முடிவெடுத்தாராம்.

மேவிஸுக்குச் சின்ன வயதிலேயே கனத்த, ஆழமான குரல். 1956இல் அவர்களுடைய இசைத்தட்டு ஒன்று வானொலியில் ஓடியபோது இது ஆண்குரல் என்று பந்தயம் கட்டியவர்கள் கூட இருந்தார்கள். அந்த வெற்றிக்குப் பிறகும் மகள் பள்ளிக்கூடம் முடிக்கும் வரை தகப்பன் முழுநேரமாக ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கிளம்பவில்லை. எனக்கு இந்த மனிதரில் பெரிய மதிப்பு வருவது இந்த இடத்தில்தான்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். மேவிஸ் சிறுமியாக மிசிசிப்பியில் பாட்டியாரோடு இருந்த காலத்தில் பள்ளிக்கூட நிகழ்ச்சியில் ஒரு காதல் பாட்டுப் பாடிவிட்டார். மாமன் மேடைக்கே போய் இழுத்து வந்தார், பாட்டி பிரம்பால் வெளுத்தார், இந்தக் குடும்பத்தில் தேவாலயப் பாட்டு மட்டும்தான் பாடலாம் என்று சொன்னார். எங்கள் ஊரில் நடந்தது போலவே இருக்கிறதல்லவா? அதே பிள்ளைதான் பிறகு உலகம் அறிந்த பாடகி ஆனார், தேவாலயத்தையும் விடவில்லை, வெளி மேடையையும் விடவில்லை.

மொன்ட்கொமரி நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய போதகர் மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்த பொப்ஸ், இந்த மனிதர் பிரசங்கிப்பதை நாங்கள் பாடலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர்களுடைய பாட்டின் போக்கு மாறியது. லிட்டில் றொக் நகரில் 1957இல் 9 கறுப்பின மாணவர்களைப் பாடசாலைக்குள் விடாமல் மறித்ததைப் பார்த்து பொப்ஸ் எழுதிய பாட்டை, கிங் தன்னுடைய கூட்டங்களில் கேட்டு வாங்கிப் பாடுவிப்பாராம். தங்களுக்குப் பாட்டு எழுத வந்தவர்களிடம் பொப்ஸ் சொன்ன ஆலோசனை, பத்திரிகைத் தலைப்புகளை வாசித்துவிட்டு எழுதுங்கள் என்பது. 1968இல் ஸ்டாக்ஸ் என்ற மெம்பிஸ் நகர இசைத்தட்டு நிறுவனத்தோடு சேர்ந்தார்கள், 1972இல் அவர்களுடைய பாட்டு அமெரிக்கப் பொப் இசை வரிசையிலேயே முதலாம் இடத்துக்குப் போனது. நடனமாடிக்கொண்டு கேட்கிற தாளம், ஆனால் வரிகளைக் கவனித்தால் கண்ணீரும் பொய்யும் இல்லாத இடத்துக்கு வா, கூட்டிப்போகிறேன் என்கிற அழைப்பு. தேவாலயத்துக்காரர் பலர் கோபித்தார்கள், பிசாசின் இசை பாடுகிறார்கள் என்றார்கள். பிசாசுக்கு என்று இசை எதுவும் கிடையாது, இசை எல்லாம் கடவுளுடையது என்பது மேவிஸ் இதற்குச் சொன்ன பதில்.

மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. மேவிஸ் சிறுமியாக இருந்தபோதே பார்த்துப் பார்த்து வியந்த நற்செய்திப் பாடகி மஹேலியா ஜாக்சன், புளூஸ் பாடச் சொல்லிப் பெரிய பணம் காட்டியபோதும் கடைசிவரை மறுத்தவர். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது அவர் தனக்கென்று எடுத்த தீர்மானம், மற்றவர் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டுகிற அதிகாரம் அல்ல. 1969இல் நியூயோர்க்கின் ஹார்லெமில் நடந்த இசைவிழாவில், தனக்கு உடம்பு சரியில்லை, நீ தொடங்கு என்று மஹேலியா சொன்னது இந்த மேவிஸிடம்தான், இருவரும் ஒரே ஒலிவாங்கியில் கிங்குக்கு மிகவும் பிடித்த பாட்டைப் பாடினார்கள். அந்தப் பாட்டை எழுதியவர் யார் தெரியுமா? தோமஸ் டோர்சி. பிரசவத்தில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் இழந்த துக்கத்தில் 1932இல் எழுதினார். அதற்கு முந்திய காலத்தில் அவர் மா ரெய்னி என்ற புளூஸ் பாடகிக்குப் பியானோ வாசித்தவர், வில்லங்கமான பாட்டுகளையும் இசைத்தட்டில் பதிந்தவர். புளூஸ் சுரங்களோடு வந்த அவருடைய பக்திப் பாட்டுகளை ஆரம்பத்தில் பல சபைகள் வாசலோடு திருப்பி அனுப்பின. இன்று கொஸ்பல் என்கிற நற்செய்தி இசையின் தந்தை என்று சொல்வது அவரைத்தான்.

எங்களுக்கு மட்டும் வேறு கதையா? நாங்கள் ஞாயிறு தோறும் பாடுகிற கீர்த்தனைகள் எந்த இராகத்தில் இருக்கின்றன, பல்லவி அனுபல்லவி சரணம் எங்கிருந்து வந்தன? தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதியபோது, அரசவையிலும் கோயிலிலும் ஆடிய குறவஞ்சியைத்தானே எடுத்துக்கொண்டார். குருநகரிலும் பாசையூரிலும் அண்ணாவிமார் புனிதர்களின் கதையைக் கூத்தாகப் போட்டபோது, அந்த மெட்டும் மத்தளமும் தேவாலயத்துக்குள் பிறந்தவையா? வெளியிலிருந்து வந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கிற பிள்ளை வெளியே போய்ப் பாடினால் மட்டும் முகத்தைத் திருப்புகிறோம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இசைக் குடும்பம் என்று நாங்கள் சும்மா சொல்லிவிட்டுப் போகிறோம், அதற்குள் எத்தனை வருட உழைப்பு இருக்கிறது என்று யோசிப்பதில்லை. பொப்ஸ் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் இறந்தபோது மேவிஸ் பாட்டையே விட்டுவிட நினைத்தார், அப்பாவின் கிற்றார் இல்லாமல் எப்படிச் சுருதி பிடிப்பது என்று தெரியாமல் இருந்தார். அக்கா இவோன்தான், எழும்பு, அப்பா நீ பாடுவதைத்தான் விரும்புவார் என்று அதட்டி எழுப்பினார். 2004இல் புது இசைத்தொகுப்பு வந்தது, 2011இல், 71 வயதில், தனக்கென்று முதல் கிராமி விருதை வாங்கினார். மரணப் படுக்கையில் தகப்பன் தொலைத்துவிடாதே என்று சொல்லி ஒப்படைத்த பதிவுகளைக் காப்பாற்றி 2015இல் வெளியிட்டார். எங்கள் வீடுகளில் அப்படி எத்தனை குரல்கள் கசெற்றில் இருந்தன, 1995 இடப்பெயர்வோடு எத்தனை போயின! இருக்கிற குரல்களையாவது பட்டியலிலிருந்து வெட்டாமல் வைத்திருப்போம் என்று கேட்கிறேன்.

பாடகர் குழாத்தை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு பிள்ளை வெளியே பாடியது பிடிக்கவில்லை என்றால் கூப்பிட்டு நேரே கதையுங்கள், என்ன பாட்டு, ஏன் பாடினாய் என்று கேளுங்கள். இசைக்குழுவில் கிடைக்கிற காசு அந்த வீட்டுக்குத் தேவையாகவும் இருக்கலாம், நீங்கள் அதைக் கொடுக்கப்போவதில்லை. பயிற்சிக்கு ஒழுங்காக வருகிறாளா, ஆராதனையில் பயபக்தியோடு பாடுகிறாளா, இவைதான் நீங்கள் பார்க்க வேண்டியவை.

நான் சொல்வது பிழை என்று நினைக்கிற போதகர்மார், பங்குத்தந்தையர் இருப்பார்கள். அவர்கள் வேதாகமத்திலிருந்தும் சபை ஒழுங்கிலிருந்தும் காரணம் காட்டி எழுதினால் அதையும் இதே பக்கத்தில் தயவுசெய்து பிரசுரியுங்கள், வாசிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாடகர் குழாத்தின் பழைய உறுப்பினர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.