ஞாயிற்றுக்கிழமை நிற்கும் வாட்ச்

அன்புள்ள மகளுக்கு,

உன் செய்தி கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைக்கிற வாட்ச் ஞாயிறு காலையில் நின்றுபோகிறது, இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதில் கோளாறு இருக்குமோ என்று கேட்டிருக்கிறாய். வாட்சைத் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் மின்சாரப் பெட்டி ஒன்றை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உன் ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் வாட்சுக்குள் இருப்பது 3235 என்ற இயந்திரம். சாவி முழுவதும் ஏறியிருந்தால், கழற்றி வைத்த பிறகும் ஏறத்தாழ 70 மணி நேரம் ஓடும். வெள்ளி மாலை 7 மணிக்கு மேசையில் வைத்தால் திங்கள் மாலை வரை ஓட வேண்டும். உன்னுடையது ஞாயிறு காலை 7 மணிக்கே நின்றுவிடுகிறது என்றால் 36 மணி நேரம்தான் ஆகிறது. உடனே வாட்சின் மேல் பழி போடாதே. நீ கழற்றும்போதே அதில் பாதிச் சாவிதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

வாரம் முழுக்கக் கையில்தானே இருந்தது என்பாய். கையில் இருந்தால் போதாது கண்ணு, கை ஆட வேண்டும். பின்மூடிக்குள் அரைவட்ட வடிவில் ஓர் எடை இருக்கிறது. ரோட்டர் என்பார்கள். நடக்கும்போது, துணி உலர்த்தும்போது, மாவு பிசையும்போது அது சுழன்று மெயின் ஸ்பிரிங்கை முறுக்கும். உன் வாட்சில் அது எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏறும். அந்த ஸ்பிரிங் மெல்ல அவிழ்கிற விசையில்தான் உள்ளே எல்லாம் நடக்கிறது. நேரத்தை அளந்து விடுகிற பேலன்ஸ் சக்கரம் ஒரு விநாடிக்கு 8 முறை அசைகிறது, மணிக்கு 28,800 முறை. நீயோ வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாய். காலையிலிருந்து மாலை வரை மணிக்கட்டு மேசை விளிம்பில் கிடக்கிறது, விரல்கள் மட்டும் தட்டுகின்றன. விரல்கள் தட்டுவதால் ரோட்டர் சுழலாது.

நான் நினைப்பது சரிதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை வாட்சைக் கழற்றியதும் கையால் முழுச் சாவி கொடு. டயல் மேல்நோக்கி இருக்கும்படி ஒரு துணியின் மேல் வை. தொடாதே. எப்போது நின்றது என்பதை முள்ளே காட்டும், காலையா மாலையா என்பதை மட்டும் நீ கவனித்துக்கொள். 70 மணி நேரத்துக்கு அருகில் வந்தால் வாட்ச் நன்றாக இருக்கிறது. அதற்கு வெகுமுன்னரே நின்றால் வாரண்டி அட்டையோடு வாங்கிய கடைக்கே எடுத்துப் போ. பக்கத்துக் கடையில் பின்மூடியைத் திறக்க மட்டும் விடாதே.

சாவி கொடுப்பதற்கும் முறை உண்டு. கையில் கட்டியபடி கொடுக்கக் கூடாது. வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் குமிழ் சாய்வாக இழுபட்டு அதன் தண்டில் அழுத்தம் விழும். கழற்றிக் கையில் எடு. குமிழை இடப்புறமாகத் திருகினால் மறை கழன்று லேசாக வெளியே எழும்பி நிற்கும். அந்த நிலையிலேயே, டயல் பக்கம் இருக்கும் கட்டைவிரலை 12ஐ நோக்கித் தள்ளித் தள்ளிச் சுற்று. நின்றுபோன வாட்சை ஓட்ட 25 சுற்றாவது வேண்டும். முழுவதும் நிரம்ப ஐம்பது, அறுபது என்று தாராளமாகக் கொடு. நின்ற வாட்சைக் கையில் பிடித்துக் குலுக்கி ஓட வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பிடிப்பதே இல்லை. நாலு குலுக்கில் ஏறுகிற சாவி அரைகுறைச் சாவி. பேலன்ஸ் சரியான வீச்சில் ஆடாது, நேரமும் சரியாக நிற்காது.

அதிகமாகச் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்று உனக்கு ஒரு பயம் இருக்கும். அது உன் தாத்தாவிடமிருந்து வந்தது. அவர் கட்டியிருந்தது எச்எம்டி ஜனதா, தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டியது. காலையில் குளித்து முடித்ததும் கொடுப்பார். இறுக்கம் தெரிந்த இடத்தில் விரலை எடுத்துவிடுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். அந்த வாட்சில் அவர் செய்தது சரி. அதில் ஸ்பிரிங்கின் வெளிமுனை, அது சுருண்டிருக்கும் சின்னப் பெட்டியின் சுவரில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும். முட்டிய பிறகும் முறுக்கினால் ஏதாவது ஒன்று உடையும். உன்னுடையதைப் போலத் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கில் அந்த முனை சுவரோடு அழுந்தி நிற்கும், கொக்கி கிடையாது. நிரம்பியதும் வழுக்கிக்கொண்டு போகும். இல்லையென்றால் நாள் முழுக்க ஓடியாடும் ஒருவர் கையில் அது எப்படித் தாங்கும்? ஆகவே பயப்படாமல் கொடு.

ஓசூர் டைட்டன் ஆலையில் என் கையால் கோத்தவை எல்லாம் குவார்ட்ஸ் வாட்ச்கள். பேட்டரி போட்டால் உள்ளே ஒரு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும், மாதத்துக்கே சில விநாடிகள்தான் பிசகும். துல்லியத்தில் உன்னுடையதைவிட அவைதான் மேல், இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். உன் வாட்ச் நாளொன்றுக்கு 2 விநாடி முன்னே பின்னே போகலாம் என்று அந்த நிறுவனமே வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் பல்லும் சக்கரமும் ஸ்பிரிங்குமாக, பேட்டரி இல்லாமல், போட்டிருப்பவளின் நடையிலிருந்தே விசை எடுத்து இந்தத் துல்லியத்துக்கு வருவது எவ்வளவு பெரிய வேலை என்பது பாகங்களைக் கோத்தவர்களுக்குத் தெரியும். நீ அதைத் தேர்ந்தெடுத்தபோது எனக்கு எத்தனை சந்தோஷம் என்று அப்போது சொன்னேனோ இல்லையோ, இப்போது சொல்கிறேன்.

சாவி கொடுத்து முடித்ததும் குமிழை உள்ளே அழுத்திக்கொண்டே வலப்புறம் திருகி மூட வேண்டும். முதலில் லேசாக இடப்புறம் சுற்றி மறை சரியாக உட்காருகிறதா என்று விரலால் உணர்ந்துவிட்டு, அப்புறம் திருகு. கோணலாக ஏற்றினால் மறை தேயும். இதை மறக்கவே கூடாது. வாட்சுக்குள் தூசியும் ஈரமும் நுழைகிற முக்கியமான வழி அந்தக் குமிழ்தான். ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் பிறந்த கதையே இந்த ஓட்டையில்தான் தொடங்குகிறது. ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர், பழுது பார்க்கிறவர், குமிழின் தண்டு வழியாக அழுக்கு போய் வாட்ச்கள் கெடுவதைப் பார்த்துப் பார்த்து, குமிழே இல்லாமல் ஒரு வாட்சைச் செய்தார். 1924இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். உள்ளே ஓர் எடை இரண்டு பக்கமும் முட்டி முட்டி ஆடிச் சாவி ஏற்றும். நேரத்தைக் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி வைக்க வேண்டும். எடையை முழு வட்டமாகச் சுழல விட்டு 1931இல் கொண்டுவந்தது ரோலெக்ஸ். திருகி மூடும் குமிழும், தண்ணீர் புகாத ஆயிஸ்டர் என்ற வாட்ச் கூடும் அவர்களிடம் 1926இலேயே இருந்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் அந்த வாட்சோடு ஆங்கிலக் கால்வாயில் இறங்கினாள். லண்டனில் தட்டச்சு வேலை பார்த்தவள். குளிர் தாங்காமல் கரை சேரும் முன்பே அவளைத் தூக்கிவிட்டார்கள், ஆனால் பத்து மணி நேரத்துக்கும் மேல் தண்ணீரில் இருந்தாள், வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. தட்டச்சு மேசையிலிருந்து எழுந்துபோய்க் கடலில் இறங்கியவள் என்பதால் உன்னிடம் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

100 மீட்டர் ஆழம் தாங்கும் என்று எழுதியிருப்பதை நம்பி வெந்நீர்க் குளியலுக்கு அணிந்துகொண்டு போகாதே. சூடும் சோப்பும் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களைச் சீக்கிரம் கெடுக்கும். டொராண்டோ குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஆவி படர்ந்தால் துடைத்துவிடு. உள்பக்கம் படர்ந்தால் அன்றைக்கே சர்வீசுக்குக் கொடு, மறுநாள் வரை வைக்காதே. தண்ணீரில் இருக்கும்போது குமிழைத் தொடாதே.

தேதி மாற்றுவதில் உனக்குச் சிக்கல் இல்லை, உன் இயந்திரத்தில் எந்த நேரத்திலும் மாற்றலாம். ஆனால் மாப்பிள்ளை வைத்திருக்கும் பழைய ஆட்டோமேட்டிக்கில் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் தேதியைத் திருப்பக் கூடாது என்று அவரிடம் சொல். அந்நேரம் தேதிச் சக்கரத்தின் பற்கள் கோத்துக்கொண்டிருக்கும். முள்ளை 6க்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு மாற்றச் சொல். அவர் தன் வாட்சைச் செல்போன் ஸ்பீக்கருக்கு மேலேயே வைப்பதையும் வீடியோவில் பார்த்தேன். காந்தம் ஏறினால், பேலன்ஸ் சக்கரத்தோடு இருக்கும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடும். ஏறினாலும் கடையில் சில நொடிகளில் எடுத்துவிடுவார்கள், அதற்காகப் பதற வேண்டாம்.

செயினின் இடுக்குகளில் வியர்வையும் தூசியும் சேர்ந்து ஊசிகளைத் தேய்க்கும். குமிழ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான நீரும் இரண்டு சொட்டு சோப்பும் மென்மையான பல் துலக்கும் பிரஷும் கொண்டு அவ்வப்போது கழுவு. கீறல் விழுந்தால் பாலிஷ் போட ஓடாதே. ஒவ்வொரு பாலிஷும் உலோகத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், கண்ணாடியைச் சுற்றி வரிவரியாக இருக்கும் வளையத்தின் கூர்மை மழுங்கும். தேங்காய் உடைக்கும்போது மட்டும் கழற்றி வை. ஏறத்தாழ 10 ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் போதும் என்று நிறுவனமே சொல்கிறது.

அந்தச் சுழலும் பெட்டியை வாங்காதே. வாட்ச் நிற்பதால் அதற்கு எந்தக் கெடுதலும் இல்லை. மாதமும் ஆண்டும் காட்டும் நாட்காட்டி வாட்ச் என்றால், திரும்ப எல்லாவற்றையும் சரிசெய்வது பெரிய வேலை, அதற்குப் பெட்டி வைத்துக்கொள்ளலாம். உன்னுடையதில் நேரமும் தேதியும் வைக்க இரண்டு நிமிடம். அந்தப் பெட்டி உன் கைக்குப் பதிலாகச் சுழலும், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உன் கை அசைகிறதா என்று நான் இங்கிருந்து பார்க்க முடியாது. பனி பெய்யத் தொடங்கியதிலிருந்து நீ வெளியே போவதே குறைந்துவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். மதியச் சாப்பாட்டையும் கணினி முன்னால் சாப்பிடுகிறாயாம். கழுத்து வலி என்று போன மாதம் சொன்னாய், இப்போது எப்படி இருக்கிறது?

மதியம் அரை மணி நேரம் எழுந்து நட. வெளியே முடியாவிட்டால் அந்தக் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்திலாவது. கையை வீசி நட, கோட்டுப் பையில் கைகளைச் செருகிக்கொள்ளாதே. ஒரு வாரம் இப்படி நடந்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை சாவி எதுவும் கொடுக்காமல் கழற்றி வை. இந்த வாரம் முழுச் சாவியோடு எவ்வளவு ஓடியது, அடுத்த வாரம் உன் நடையோடு எவ்வளவு ஓடியது என்று இரண்டையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா