கிருஷ்ணா என்றால் கறுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் குழந்தைப் பெயர்கள் பகுதியில், 'கிருஷ்ணா' என்பதற்கு 'எல்லோரையும் கவர்பவன்' என்று மட்டும் பொருள் போட்டிருந்தீர்கள். அது தவறு என்று சொல்லவில்லை. 'க்ருஷ்' என்ற வேருக்கு இழுத்தல், உழுதல் என்று பொருள் உண்டு. ஆகர்ஷணம் (ஈர்ப்பு), கிருஷி (உழவு) எல்லாம் அந்த வேரில் வந்தவைதான். பக்தர்கள் அந்த வழியில் விளக்கம் சொல்வதும் பழைய வழக்கம். ஆனால் சமஸ்கிருதத்தில் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் கறுப்பு. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தேய்பிறையைக் கிருஷ்ண பட்சம் என்கிறோமே, அதே சொல்தான். மகாபாரதத்தில் வியாசருக்குக் கிருஷ்ண துவைபாயனர் என்று பெயர். கரியவர், தீவில் பிறந்தவர். திரௌபதியும் நிறத்தால் கிருஷ்ணைதான். அர்ஜுனன் என்றாலோ வெண்மை. ஒரே தேரில் போன இருவருக்கும் நிறமே பெயராக இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

தமிழும் இந்த நிறத்தை மறைக்கவில்லை. தொல்காப்பியம் முல்லை நிலத் தெய்வத்தை மாயோன் என்கிறது. கரியவன் என்றுதான் அதற்கும் பொருள். நாம் கொஞ்சிக் கூப்பிடும் கண்ணனும் வேறு பெயரல்ல. கிருஷ்ண என்பது பிராகிருதம் என்ற பழைய மொழியில் 'கண்ஹ' ஆகி, நம்மிடம் கண்ணன் ஆனது. அப்புறம் ஆண்டாள். திருப்பாவையில் மழையை அழைக்கும்போது 'ஊழி முதல்வன் உருவம்போல் மெய்கறுத்து' வரச் சொல்கிறாள். மேகத்துக்கு அதைவிட நல்ல உவமை அவளுக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. என் பேரனுக்கு இந்தப் பெயரை வைக்கலாம் என்று பேசியபோது, உறவினர் ஒருவர், "பிள்ளையே கறுப்பு, பேரும் கறுப்பா?" என்று கேட்டுவிட்டார். என் மருமகள் முகம் வாடிப்போனது. சரி, வேறு பெயர் பார்ப்போம் என்று மகன்கூடச் சொன்னான். நான் விடவில்லை. ஆண்டாளின் வரியைச் சொல்லித்தான் மருமகளைச் சம்மதிக்க வைத்தேன். அவளே பிள்ளையின் காதில் மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னாள்.

பெயர் தேடும் பெற்றோர் பலர் உங்கள் பகுதியைப் பார்க்கிறார்கள். அடுத்த முறை இந்தப் பெயரை அச்சிடும்போது 'கரியவன்' என்று முதலில் போடுங்கள். 'கவர்பவன்' அதற்குப் பின்னால் வரட்டும்.

இப்படிக்கு,
கிருஷ்ணாவின் பாட்டி