சுகம் கிடைக்காதவரிடம் விசுவாசக் கணக்குக் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமச் சேகரத்தில், அதாவது சில ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தில், ஊழியம் செய்கிற குருவானவர் நான். ஊர்ச் சுவர்களிலும் நாளிதழ் விளம்பரங்களிலும் அடிக்கடி கண்ணில் படுகிற ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே மனதில் இருந்தது. 'சுகமளிக்கும் கூட்டம்' என்று பெரிய எழுத்தில் தலைப்பு, கீழே புற்றுநோய், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, குழந்தையின்மை, பில்லிசூனியம் என்று ஒரு பட்டியல், அதற்கும் கீழே ஊழியக்காரர் படம். கூட்டம் நடத்துவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் பந்தலைப் பிரித்துவிட்டு அவர்கள் அடுத்த ஊருக்குப் போன பிறகு, சுகம் கிடைக்காதவரின் வீட்டுக்குப் போகிறவர்கள் எங்களைப் போன்ற ஊர்ப் போதகர்கள்தான். கட்டிலில் படுத்திருப்பவர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பது ஒன்றுதான்: "ஐயரே, எனக்கு விசுவாசம் பத்தலையா?"

வலியைவிட இந்தக் கேள்விதான் அவரை அதிகம் வாட்டுகிறது. உடம்பு நோகிறது, கையில் காசு இல்லை, மகன் வெளியூரில் இருக்கிறான். இத்தனைக்கும் மேல், கடவுளுக்கே தன்மேல் கோபம், தான் மறைத்த ஏதோ ஒரு பாவம்தான் குறுக்கே நிற்கிறது என்கிற பயம். அந்தப் பயத்தை யாரோ மேடையில் நின்று மைக்கில் சொல்லி அவர் நெஞ்சுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் ஜெபத்தை நம்பாதவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எண்ணெய் பூசி, தலைமேல் கை வைத்து ஜெபிக்காமல் எந்த நோயாளி வீட்டிலிருந்தும் நான் எழுந்து வந்ததில்லை. மருத்துவர் கைவிட்டவர் எழுந்து நடமாடியதையும் பார்த்திருக்கிறேன், கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். நான் எதிர்ப்பது வேறு: சுகமானால் ஊழியக்காரரின் வல்லமை, சுகமாகவில்லை என்றால் நோயாளியின் அவிசுவாசம் என்று போடுகிற அந்தக் கணக்கை.

அந்தக் கணக்குக்கு வேதத்தில் இடமே இல்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு நேராகவே சொன்னார். அப்போஸ்தலர் பவுல் எத்தனை பேருக்காக ஜெபித்துச் சுகம் வரக் கண்டவர்! முள் என்று அவரே சொன்ன தன் உடம்பின் உபாதைக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்ததாகத் தன் கடிதத்திலேயே எழுதுகிறார். அடிக்கடி வயிற்றுக் கோளாறால் அவதிப்பட்ட தீமோத்தேயுவுக்கு அவர் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்பது, உன் விசுவாசத்தைச் சோதித்துப் பார் என்பதல்ல. எசேக்கியா ராஜா செத்துப் பிழைத்த கதையில் ஏசாயா தீர்க்கதரிசி ஆண்டவரின் வாக்கையும் சொன்னார், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டவும் சொன்னார். அந்த அடையை யாரும் அவிசுவாசம் என்று சொல்லவில்லை. அப்புறம் லூக்கா. நான்கு சுவிசேஷங்களில் ஒன்றை எழுதியவரே வைத்தியர்தானே?

எங்கள் சபைகளின் வரலாறும் ஆஸ்பத்திரியோடு சேர்ந்தே வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் மருத்துவ ஊழியத்தின் தொடக்கம் 1838. எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், 1922-ல் அந்தப் பயணம் முடிந்து நெய்யூருக்கு வந்து பார்த்தார். அத்தனை நோயாளிகள் காத்திருக்கிற இடத்தில் அறுவைச் சிகிச்சை செய்ய ஒரே ஆள்தான் இருந்தார். லண்டனில் கிடைக்க இருந்த வாழ்வை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார் சாமர்வெல். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்த ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இவர்களுக்கு ஜெபம் தெரியாதா, விசுவாசம் குறைவா? பிரசவத்தில் இறக்கிற பெண்ணுக்காக அழுது ஜெபித்தவர்தான் கத்தியும் கையுறையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954-ல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனார். அவர் எழுந்து நடக்கவே இல்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். விரல் மடங்கிப்போனவர்கள் மறுபடி சோற்றைத் தங்கள் கையால் அள்ளிச் சாப்பிட்டார்கள். எங்கள் மாவட்டத்து டோனாவூரில், கைவிடப்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து காயப்பட்டு, 1951-ல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது வருடம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே படுக்கையில் கிடந்தார். அவரைச் சுற்றி ஒரு குடும்பமே தினமும் ஜெபித்தது. அம்மையாருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் தைரியம் யாருக்காவது இருக்கிறதா? அவரிடம் சொல்லத் துணியாததை எங்கள் ஊர் பீடி சுற்றுகிற அக்காவிடம் மட்டும் எப்படிச் சொல்ல முடிகிறது?

இந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் ஊரைச் சொல்லவில்லை. மார்பில் கட்டி. வலி இல்லை என்பதால் முதலில் யாரிடமும் சொல்லவில்லை, பிறகு ஒரு கூட்டத்தில் முன்னால் போய் நின்றார், கட்டி கரைந்துவிட்டது என்று அறிக்கை செய்யச் சொன்னார்கள், செய்தார். அறிக்கை செய்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் அது சந்தேகம் ஆகிவிடும், சந்தேகப்பட்டால் சுகம் திரும்பப் போய்விடும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. கட்டி பெரிதாகிக்கொண்டே போனது, அவரும் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மகள்தான் வம்பு பண்ணி பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். முன்னமே வந்திருக்கலாமே அம்மா என்று மருத்துவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மகள் இன்னும் மறக்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் சிகிச்சை இருக்கிறது. எல்லாம் இருந்தும் காலம் போய்விட்டது.

எல்லா வியாதியும் இப்படி மெதுவாகவும் போவதில்லை. இன்சுலின் இல்லாமல் வாழ முடியாத சர்க்கரைக் குழந்தைக்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. காசநோய்க்கு அரசு இலவசமாகவே மாத்திரை தருகிறது. கொஞ்சம் தெம்பு வந்ததும் சுகமாகிவிட்டது என்று சபையில் சாட்சி சொல்லிவிட்டு மாத்திரையைப் பாதியில் விட்டால், அடுத்து வருவது மருந்துக்கு அடங்காத காசநோய், அது வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் தொற்றும். மனநோயைப் பற்றிப் பேசவே கஷ்டமாக இருக்கிறது. பேய் என்று சொல்லி அடித்து, உபவாசம் என்று பட்டினி போட்டு, கடைசியில் குடும்பமே உடைந்துபோன வீடுகள் உண்டு. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை ஒட்டிய ஒரு காப்பகத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிப்போனதை நம் மாநிலம் மறந்திருக்காது. அது நம் மதத்து இடமில்லை என்று நாங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது, எங்கள் ஜெபவீடுகள் சிலவற்றிலும் சங்கிலி இல்லாத சங்கிலிகள் இருக்கின்றன.

சக போதகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி வீட்டில் ஜெபித்து முடித்ததும் மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்றைக்குச் சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் இல்லை என்றால் வாலிபர் சங்கத்தில் ஒரு பையனை அனுப்புங்கள், பஸ் காசு இல்லை என்றால் காணிக்கைப் பணத்திலிருந்து கொடுங்கள். நல்ல சமாரியன் கதையைப் பிரசங்கிக்காத போதகர் கிடையாது. அவன் காயத்தில் எண்ணெயும் ரசமும் வார்த்துக் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், செலவுக்கு இரண்டு பணமும் கொடுத்தான். குணமாகாது என்று தெரிந்துவிட்டவரிடம் பேச வார்த்தை இல்லை என்றால் பேச வேண்டாம், கூடவே உட்கார்ந்திருங்கள். வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும்தான் எல்லாம் கெட்டது.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், ஆசிரியர் ஐயா. தாயத்து, மந்திரம் என்று சொல்லி நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜெபக்கூட்ட விளம்பரம் அதற்குள் வருமா வராதா என்பது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம். நான் கேட்பது அவ்வளவு பெரிது இல்லை. கூட்டம் நடக்கிற இடம், நேரம், பேசுகிறவர் பெயர், இவற்றை வெளியிடுங்கள். இன்ன இன்ன வியாதி குணமாகும் என்கிற பட்டியலை மட்டும், எந்த மதத்துக்காரர் கொண்டுவந்தாலும், வாங்காதீர்கள். விளம்பர வருமானம் கொஞ்சம் குறையும் என்று எனக்குத் தெரியும். பட்டியலை எடுக்கச் சொன்னால் நடத்துகிறவர்கள் கோபப்படவும் செய்வார்கள். ஆனாலும் கேட்கிறேன், ஏனென்றால் அந்த அக்கா முதலில் அந்தக் கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டது ஒரு நாளிதழ் விளம்பரத்தைப் பார்த்துத்தான்.

இப்படிக்கு,
ஒரு கிராமச் சேகரக் குருவானவர்,
திருநெல்வேலி மாவட்டம்.