எம்.ஆர்க் முடித்தேன்: உடன் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

கட்டடக்கலையில் முதுகலைப் பட்டமான எம்.ஆர்க் கைக்கு வந்துவிட்டது. வந்து குவிந்த வாழ்த்துகளுக்கு ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. சான்றிதழில் இருப்பது என் பெயர் மட்டும்தான். அது கிடைத்த வழியில் யார் என்ன செய்தார்கள் என்று ஓரிடத்தில் எழுதி வைக்க விரும்புகிறேன். பெயர்களைப் போடவில்லை, படித்தால் அவரவருக்குத் தெரியும்.

கணிதம் படித்துவிட்டு மென்பொருள் வேலையில் இருந்தவள் நான். கட்டடங்கள் மேல் ஆசை இருந்தது, வழி தெரியாமல் இருந்தது. அமெரிக்காவில் ஆர்க்கிடெக்ட் உரிமம் பெற, பெரும்பாலான மாநிலங்களில் என்ஏஏபி (கட்டடக்கலைப் படிப்புகளை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகரித்த பட்டம் வேண்டும். ஐந்து வருட இளங்கலையான பி.ஆர்க் ஒரு வழி. வேறு துறையில் இளங்கலை முடித்தவர்களுக்கு மூன்று அல்லது மூன்றரை வருட எம்.ஆர்க் இன்னொரு வழி. இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குச் சொன்னது பழைய அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த அண்ணன். சொன்னதோடு விடாமல், பல கட்டடக்கலைப் பள்ளிகள் கால்குலஸும் இயற்பியலும் முன்பே படித்திருக்க வேண்டும் என்று கேட்கும், உன்னிடம் இரண்டும் இருக்கிறது, அப்புறம் என்ன தயக்கம் என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை விண்ணப்பம் வரை கொண்டுபோனது. நன்றி அண்ணா.

விண்ணப்பத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது போர்ட்ஃபோலியோ, அதாவது நம் படைப்புகளின் தொகுப்பு. கட்டடக்கலை படிக்காத ஒருவர் அதில் எதை வைப்பது? ஏற்கெனவே எம்.ஆர்க் முடித்திருந்த அக்கா ஒருவர், அதுவரை என்னை நேரில் பார்த்ததுகூட இல்லை, ஒரு மாலை முழுக்க வீடியோ அழைப்பில் உட்கார்ந்து என் படங்களைப் பார்த்தார். அழகாக வந்திருக்கிறது என்று நான் நினைத்த பென்சில் ஓவியங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டே போனவர், ஒரு மர ஸ்டூலுக்காக நான் போட்டிருந்த கிறுக்கல்களில் நின்றுவிட்டார். கால் சேரும் இடத்தை ஏன் மாற்றினாய், முதலில் எப்படி இருந்தது, எது உடைந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சேர்க்கைக் குழு பார்ப்பது கைத்திறனை மட்டும் அல்ல, ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்பதையும்தான், அதனால் குறைவாக வை, ஆனால் நடுவில் நடந்ததைக் காட்டு என்றார். போர்ட்ஃபோலியோவை அப்படியே மாற்றினேன். முடிக்காத வேலையை இன்னொருவர் முன் வைக்க எனக்கு முதலில் பழக்கியவர் அவர். அடுத்து வந்த வருடங்கள் முழுக்க அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது.

பரிந்துரைக் கடிதம் எழுதிய மூவருக்கும் நன்றி. கல்லூரியில் எனக்கு வடிவியல் எடுத்த பேராசிரியை, இத்தனை வருடம் கழித்துக் கேட்டபோது, உடனே சரி என்று சொல்லாமல், எதற்காகப் போகிறாய் என்று எழுதி அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நான் அவருக்கு எழுதிய அந்த மின்னஞ்சல்தான் பின்னால் விண்ணப்பத்தோடு வைக்கும் நோக்க அறிக்கையாக, என் எஸ்ஓபியாக வளர்ந்தது.

முடிவுகளுக்காகக் காத்திருந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கே சேர்கிறேன் என்று ஏப்ரல் 15-க்குள் நான் சொல்ல வேண்டிய நிலையில், உதவித்தொகை குறித்த என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதிய சேர்க்கை அலுவலக ஊழியருக்கு நன்றி.

முதல் வருட ஸ்டூடியோவுக்கு வருகிறேன். இந்தப் படிப்பு தெரியாதவர்களுக்காக: வடிவமைப்பு வகுப்பான ஸ்டூடியோதான் எம்.ஆர்க்கின் முதுகெலும்பு. ஆசிரியர் உங்கள் மேசைக்கே வந்து, பாதி வரைந்த ப்ளானையும் பசை காயாத மாடலையும் பார்த்துப் பேசுவார். அது டெஸ்க் கிரிட். சில வாரங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சுவரில் குத்தி வைத்து எல்லோர் முன்னும் விளக்க வேண்டும். பருவ இறுதியில் வெளியாட்கள் நம் வேலையை விமர்சிக்க ஜூரியாக வருவார்கள். இது ஒருவரை உருவாக்கவும் செய்யும், நொறுக்கவும் செய்யும். எது நடக்கும் என்பது பெரும்பாலும் எதிரே நிற்பவரைப் பொறுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் முதல் ஸ்டூடியோ ஆசிரியர் எதையும் நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று சொல்லியே நான் கேட்டதில்லை. 'இந்த அறையில் இருப்பவர் இப்போது எங்கே பார்க்கிறார்?' என்று கேட்பார். பதில் இல்லையென்றால் அடுத்த மேசைக்குப் போய்விட்டு, பதில் கிடைத்த நேரத்தில் சரியாகத் திரும்பி வருவார்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளிக்குள் இருக்கும் எக்ஸிட்டர் நூலகத்தை ஆராயச் சொன்னதும் அவர்தான். கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்து 1970-களின் தொடக்கத்தில் கட்டி முடிந்த கட்டடம் அது. வெளிச்சுற்று செங்கல், அதற்குள் புத்தக அடுக்குகளைத் தாங்கும் கான்கிரீட், நடுவில் பெரிய வட்டத் திறப்புகளோடு ஒரு கூடம். படிப்பவர்களின் மேசைகள் வெளிச்சுற்றில், ஜன்னலோடு ஒட்டி இருக்கும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மனிதர் வெளிச்சத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் அந்தக் கட்டடத்தின் முழு ஒழுங்கும். மேலே போகப்போகச் செங்கல் தூண்கள் மெலிந்துகொண்டே போகும், சுமை குறைவதால். அவை மெலிய மெலிய ஜன்னல்கள் அகலமாகும். இதை செக்‌ஷனாக (கட்டடத்தை வெட்டிக் காட்டும் படமாக) வரைந்து பார்த்தபோதுதான், சுமை இறங்கும் விதமும் வெளிச்சம் வரும் விதமும் ஒரே கேள்வியாக இருக்க முடியும் என்று எனக்குப் புரிந்தது. மூன்று வருடமும் அந்த வரைபடம் என் மேசைக்கு மேலேயே இருந்தது.

கட்டடம் சுமை தாங்கும் விதத்தைச் சொல்லும் ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் எடுத்த பேராசிரியருக்கு, ஒரு பிளாஸ்டிக் அளவுகோலுக்காகவே தனியாக நன்றி சொல்ல வேண்டும். படுக்கவைத்து வளைத்தார், வளைந்தது. நிறுத்திவைத்து வளைக்கச் சொன்னார், எங்களால் முடியவில்லை. அதன் பிறகுதான் சூத்திரத்தைப் பலகையில் எழுதினார். பீமின் (உத்தரத்தின்) உயரத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு 8 மடங்கு. நீளத்தை இரட்டிப்பாக்கினால், ஒவ்வொரு அடிக்கும் அதே சுமை இருக்க, தொய்வு 16 மடங்கு. கணிதம் படித்த எனக்கு எண்கள் புதிதல்ல. ஆனால் அவை கையில் உணரக்கூடியவை என்று காட்டியவர் அவர்.

மாடல் பட்டறையைப் பார்த்துக்கொண்டவரை எங்கள் வகுப்பில் யாரும் மறக்க மாட்டோம். லேசர் கட்டர் ஓடும்போது அதை விட்டு நகரக் கூடாது, பிவிசி-யை அதில் வைக்கவே கூடாது, விஷவாயு வரும் என்று எத்தனை முறை கேட்டாலும் முதல் முறை சொல்வது போலவே சொன்னவர். ஜூரிக்கு முந்தைய இரவுகளில் கண் சொருகிப்போய் நிற்பவர்களிடமிருந்து கத்தியை வாங்கி வைத்துவிட்டு, போய்த் தூங்கிவிட்டு வா என்று அனுப்புவார். தூங்காமல் உழைப்பதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் ஸ்டூடியோக்களில் இன்னமும் இருக்கிறது. அது ஒழிய வேண்டும். எங்கள் விரல்கள் பத்தும் பத்திரமாக இருப்பதற்கு நன்றி ஐயா.

இனி தீசிஸ், அதாவது கடைசி வருட ஆய்வுத் திட்டம். அதன் விதை எதிர்வீட்டு நர்ஸ் அக்காவிடமிருந்து வந்தது. அவர் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறார். நோயாளிகள் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், ஒரே நாற்காலியில் கூரையைப் பார்த்துக்கொண்டு சாய்ந்திருப்பார்கள். வந்ததும் ஜன்னலோர நாற்காலி காலியா என்றுதான் கேட்பார்கள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். எனக்கு எக்ஸிட்டர் நினைவு வந்தது. வெளிச்சத்துக்கு எழுந்து போக முடியாதவருக்குக் கட்டடம் என்ன செய்யும்? என் தீசிஸ் அந்தக் கேள்விதான்.

கேட்பதற்குச் சின்னதாக இருக்கும், வரைய உட்கார்ந்தால் அப்படி இல்லை. எல்லோருக்கும் ஜன்னல் வேண்டுமென்றால் நாற்காலிகள் விலகிப்போகும். ஆனால் ஒவ்வொரு நோயாளியின் முகமும், ஊசி போட்டிருக்கும் இடமும், சிகிச்சை முழுக்க ஊழியர்களின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் தண்ணீர். நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் ஓடினால் ஒருவருக்கு ஒரு சிகிச்சையில் 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம். அதற்கான நீரைச் சுத்திகரிக்கும் அறை எங்கே நிற்கிறது என்பது மொத்த ப்ளானையும் இழுக்கும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர்கள் நர்ஸ்களும் டெக்னீஷியன்களும். தங்கள் இடைவேளையில், என் டிரேசிங் தாளின் மேல் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச அனுமதித்த நோயாளிகளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மதிய வெயில் கண்ணில் அடிக்கிறது, ஆனால் திரையை மூட மனமில்லை என்று ஒரு பெரியவர் சொன்னதை வைத்துத்தான் மேற்குச் சுவர் முழுவதையும் வரைந்தேன்.

இடைக்கால ஜூரிக்குச் சக்கர நாற்காலியில் வந்திருந்த விருந்தினருக்கும் ஒரு நன்றி இருக்கிறது. என் நுழைவாயிலில் சரிவுப்பாதை இருந்தது, விதிப்படி 1:12, ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம். அதைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: 30 அங்குலம் ஏற 30 அடி, நான்கு மணி நேர சிகிச்சை முடிந்து, இரத்த அழுத்தம் இறங்கிப்போய் வெளியே வருபவர் எதற்காக அந்த 30 அடியைக் கடக்க வேண்டும்? தரைத்தளத்தை நில மட்டத்துக்கே இறக்கினேன். அதன் பிறகு முன்வாசல், பக்கவாசல் என்ற பிரிவே போய், எல்லோருக்கும் ஒரே வாசல் ஆனது. தீசிஸிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

ஸ்டூடியோ தோழர்களே, உங்கள் மாடலை ஓரம் வைத்துவிட்டு என் மாடலின் மரங்களை ஒட்டித் தந்தீர்கள். பெரிய வரைபடங்களை அச்சிடும் பிளாட்டர் வரிசையில் உங்கள் இடத்தை எனக்குக் கொடுத்தீர்கள். மறக்க மாட்டேன். என் கணவருக்கு நன்றி சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். கடைசி வருடம் வீட்டையும் மகளையும் முழுக்கத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அம்மா, ஒவ்வொரு வரைபடத்தையும் இது எங்கே, வாசல் எது என்று விரல் வைத்துக் கேட்டீர்கள். ஜூரியில் பேச எனக்கு அதுதான் ஒத்திகை.

இனி எஞ்சியிருப்பது உரிமம். ஏஎக்ஸ்பி என்ற 3,740 மணி நேர வேலை அனுபவப் பயிற்சி, அப்புறம் ஏஆர்இ என்ற உரிமத் தேர்வின் ஆறு பகுதிகள். என்னை வேலைக்கு எடுத்து, முதல் வாரமே மணிக்கணக்கைப் பதிவு செய்யச் சொல்லி நினைவூட்டிய அலுவலகத்துக்கு நன்றி.

நர்ஸ் அக்கா, தீசிஸ் புத்தகத்தின் பிரதியைக் கொடுத்தபோது நீங்கள் நேராக ப்ளான் பக்கத்துக்குத்தான் போனீர்கள். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கான தனி அறையைக் காட்டி, தனியாக இருப்பவருக்கு ஜன்னல் இன்னும் பெரியதாக வேண்டாமா என்று கேட்டீர்கள். பட்டம் வாங்கிய பிறகும் அந்த அறையைத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன். முடிந்திருக்காது, பேனாவோடு இருங்கள்.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் எல்லோருடைய மாணவி