‘மா’ பற்றி அப்பாவுக்கு, தைவானிலிருந்து

சிஞ்சு, தைவான்
ஜூலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? பெரம்பூரில் வெயில் இன்னும் தணியவில்லை என்று அண்ணன் சொன்னான். இங்கும் வெயில்தான், ஆனால் காற்றுக்குப் பஞ்சமில்லை. சிஞ்சுவுக்குக் காற்று நகரம் என்றே பெயர். அந்தக் காற்றை நம்பித்தான் அரிசி சேமியா உலர்த்தும் தொழில் இங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. சாயங்காலம் குப்பை லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். தெருவே மூட்டையும் கையுமாக இறங்கி நிற்கும். எனக்கு அக்கம்பக்கம் பழக்கமானது அங்கே நின்றுதான். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பௌத்தர்கள் நடத்தும் சைவக் கடைகள் நிறைய இருக்கின்றன.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். “சங்கத் தமிழில் குதிரைக்கு மா, சீனத்திலும் மா. நம்ம சொல்தானே அங்கே போயிருக்கிறது?” என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை அப்பா. நம் மொழி மேல் உங்களுக்கு இருக்கிற அதே பற்றோடுதான் சொல்கிறேன்.

சீன வகுப்பில் ஆசிரியை காற்றில் விரலால் கோடு இழுத்துத்தான் இந்த ‘மா’வைக் கற்றுக்கொடுத்தார். குரலை உயரத்தில் பிடித்து நீட்டினால் அம்மா. கீழிருந்து மேலே ஏற்றினால் நார் எடுக்கிற சணல். தாழ்த்தி எடுத்தால் குதிரை. மேலிருந்து வெட்டி இறக்கினால் திட்டுவது. அழுத்தமே இல்லாமல் கடைசியில் ஒட்டினால் கேள்வி. பிறகு பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார்: “மாமா மா மா மா?” அம்மா குதிரையைத் திட்டுகிறாளா என்று அர்த்தம். அவர் விரல் போன போக்கில் வகுப்பு முழுக்கச் சொல்லிப் பார்த்தோம்.

இதில் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ‘மா’ குதிரைக்கு மட்டும் உரிய சொல் இல்லை. யானையும் மாதான், விலங்கு எல்லாமே மாதான். “மாவும் மாக்களும் ஐயறிவினவே” என்று தொல்காப்பியம் சொல்வது எல்லா விலங்குகளையும் சேர்த்துத்தானே? சீனக் குதிரையோ பழங்காலத்தில் ‘மா’ என்றே ஒலிக்கவில்லை. நடுவில் ஒரு ‘ர’ இருந்தது என்று மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால், பின்னோக்கிப் போகப் போக நெருங்கி வரவேண்டும். இவை விலகிப் போகின்றன. நான் இதை நம்பாததற்கு அதுதான் காரணம்.

எங்கள் வீட்டுக்காரப் பாட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் “ச்ர் பாவ் ல மா?” என்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நீங்கள் போனில் “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்பது அப்படியே காதில் விழும். எனக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் வேர் வேறு. நம்முடையது மகளையும் அம்மா என்று அழைக்கிற பாசம். அவர்களுடையது ‘இல்லை’ என்று பொருள்படும் பழைய சொல் தேய்ந்து வந்தது. ‘சாப்பிட்டாயா, இல்லையா’ என்று கேட்ட கேள்வியில் அந்த ‘இல்லை’ நாளடைவில் வெறும் ஓசையாக நின்றுவிட்டது.

அந்தப் பாட்டியை நாங்கள் ‘அமா’ என்று கூப்பிடுகிறோம். தைவான் ஹொக்கியன் பேச்சில் பாட்டிக்கு அதுதான் சொல். போன ஞாயிறு வீடியோவில் அண்ணன் மகள் உங்கள் மாப்பிள்ளையைப் பார்த்து “மாமா, மாமா” என்று கத்தினாளே, அமா பக்கத்தில்தான் இருந்தார். குழந்தை அம்மாவைத் தேடுகிறது, யாராவது தூக்குங்கள் என்று பதறிவிட்டார். அவர்களுக்கு ‘மாமா’ என்றால் அம்மா. ஜார்ஜியா நாட்டிலோ அப்பாவுக்குத்தான் ‘மாமா’, அம்மாவுக்கு ‘தேதா’. ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960-ல் வெளியான கட்டுரையில் இதற்கு ஒரு காரணம் சொன்னார். வாயில் மார்பு இருக்கும்போது குழந்தையால் மூக்கால் மட்டும்தான் முனக முடியும். பிறகு பசி வந்தாலும் அதே முனகல்தான் வரும். பெரியவர்கள் அதைத் தங்களை அழைப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. இதில் யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் ‘மா’ என்றால் ‘ஆனால்’, அது ‘மிகுதி’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஹங்கேரியில் ‘இன்று’. ஹீப்ருவில் ‘என்ன’. தாய்லாந்தில் சமனாகச் சொன்னால் ‘வா’, உயரத்தில் பிடித்தால் குதிரை, தாழ்விலிருந்து ஏற்றினால் நாய்.

உண்மையாகவே கடல் கடந்து போன நம் ‘மா’ ஒன்று இருக்கிறது அப்பா. அது குதிரை இல்லை, மாங்காய். நம்ம மாங்காயோ மலையாளத்து மாங்ஙயோ போர்த்துகீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆனது. மலாய் மொழியிலும் ‘மங்கா’தான். சீனத்தில் ‘மாங்க்வோ’. அதில் ‘க்வோ’ என்றால் பழம். நம் சொல்லில் காய் இருந்த இடத்தில் அவர்கள் பழத்தை வைத்துக்கொண்டார்கள்! ஒரு சொல் பயணம் போனால் இப்படித்தான் வழியெங்கும் தடம் கிடைக்கும். வெறும் ஓசைப் பொருத்தத்தில் அது கிடைக்காது. நம் பெருமைக்கு இந்த மாங்காய் ஒன்றே போதும் என்பேன்.

தைவானுக்கு மாமரத்தை 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கொண்டுவந்தார்கள். இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது 1954-ல் ஃப்ளோரிடாவிலிருந்து வந்த இர்வின் ரகம். தெற்கே தைனான் பக்கம் யூஜிங் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. தோல் நல்ல சிவப்பு, நாரே இல்லை. சீவிய ஐஸ் மேல் துண்டு துண்டாகப் போட்டுத் தருகிறார்கள். இவர் ஆளுக்கு முன்னால் முடித்துவிடுவார். இனிப்பு சரிதான், ஆனால் மணத்தில் நம்ம பங்கனப்பள்ளிக்குப் பக்கத்தில்கூட வராது. அறையில் ஒரு பழம் இருந்தால் வாசலுக்கே தெரியுமே, அது இங்கே இல்லை.

இன்னொரு பயணச் சொல்லும் உண்டு. புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரன் சீனம் போய் ‘மோ’ ஆனான், அரக்கன் என்று பொருள். அதே எழுத்தை வியட்நாமில் ‘மா’ என்று படித்தார்கள்.

இதைச் சொன்னது என்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் வியட்நாம் பெண். மேகாங் ஆற்றுப் பக்கம் விவசாயக் குடும்பம். அவள் மொழியில் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், ஆறு. ‘மா’ என்ற ஒரே ஓசை தொனிக்கு ஏற்ப பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று மாறுகிறது. நாற்று என்றதும் எனக்குத் தஞ்சாவூர் நினைவுக்கு வந்தது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அவளுக்குச் சொன்னேன். நிலத்தை ‘மா’வால் அளக்கிறீர்களா என்று கேட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். ஊருக்குப் போனால் அவள் அப்பாவிடம் காட்டவேண்டுமாம்.

அதனால் ஒரு வேலை. இரும்புப் பெட்டியில் தாத்தாவின் பழைய நிலப் பத்திரம் இருக்கிறதல்லவா? அதில் மா, குழி என்று எழுதியிருக்கிற பக்கத்தை அண்ணனை விட்டு நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கையெழுத்து புரியாத இடங்களை நீங்கள் தனியாக எழுதிவிடுங்கள். இவர் பொங்கலுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். வரும்போது அம்மாவுக்கு இங்கத்து அரிசி சேமியா எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்